எந்த டிபார்ட்மென்ட் காலனி?

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பைச் செய்தார். ‘காலனி’ என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டது. ஆகவே அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும், பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்பது செய்தி. அலுவலகத்தில் கைப்பேசியில் அதைப் படித்தேன். உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

தம்பிதான் எடுத்தான். “சூப்பர்க்கா. இனிமே அப்ளிகேஷன்ல அட்ரஸ் எழுதும்போது கை நிக்காது” என்றான்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நல்லதுதான். ஆனா ஆயா இருந்திருந்தா வருத்தப்பட்டிருக்கும்” என்றார்.

ஒரே வீட்டில், ஒரே சொல்லுக்கு இரண்டு பதில்கள். இரண்டும் எனக்கு நியாயமாகவே பட்டன. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை. தமிழில் எழுதினால் மூன்றே எழுத்து வரும் ஒரு ஆங்கிலச் சொல், எங்கள் தெருவுக்குள் எப்படி வந்தது, வந்தபின் என்ன ஆனது, இனி எங்கே போகப்போகிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தோழர்களே, அதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஆயாவின் காலனி

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ஆயா கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெருவுக்குப் பெயர் சேரி. அதற்கு முன்னால் சாதிப் பெயரும் ஒட்டியிருக்கும். எல்லாம் கூரை வீடுகள். மழைக்காலத்தில் ஒழுகும், கோடையில் ஒரு பொறி பட்டால் வரிசையாக எரியும்.

1980-களில் அரசு தொகுப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஒரு அறை, ஒரு சின்னத் திண்ணை, மேலே கான்கிரீட் தளம். முகப்பில் சிமெண்ட்டில் எழுதியிருந்த ‘ஆதிதிராவிடர் காலனி’ என்ற பெயரும் அந்த வீடுகளோடுதான் வந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லை வாய் நிறையச் சொல்வார். “எங்களுது காலனி வீடு. மழைக்கு ஒழுவாது” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது அவர் குரலே மாறும். பக்கத்து ஊர்ச் சேரியில் வாழ்க்கைப்பட்ட தன் தங்கையை அழைத்துவந்து தளத்தைத் தட்டிக் காட்டினாராம். சேரி என்று சொல்லிச் சொல்லிக் குத்தியவர்களின் வாயிலிருந்து தப்பிப்பதற்கு அவருக்குக் கிடைத்த ஆங்கிலச் சொல் அது. அவரைப் பொறுத்தவரை காலனி என்றால் முன்னேற்றம்.

நான் பிறந்து வளர்வதற்குள் அந்தத் தளம் பெயர்ந்து கம்பி வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. சொல்லும் அப்படித்தான் ஆனது. என் தலைமுறையில் ‘காலனிக்காரங்க’ என்று யாராவது சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சேரி என்ற சொல்லில் இருந்த அத்தனை விஷமும் ஒரு சொட்டு குறையாமல் காலனியில் வந்து இறங்கியிருந்தது.

உங்க காலனி வேற

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த முதல் மாதம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை பார்க்கும் தோழி, “ஊர்ல உங்க வீடு எந்த ஏரியா?” என்று கேட்டாள். “காலனி” என்றேன். “அட, நாங்களும் காலனிதான்! பேங்க் காலனி. நீங்க எந்த டிபார்ட்மென்ட் காலனி?” என்றாள்.

“ஆதிதிராவிடர் நலத்துறை” என்றேன்.

அவள் கெட்டவள் இல்லை. கேலிக்காகவும் கேட்கவில்லை. அவள் வளர்ந்த உலகத்தில் காலனி என்றால் ரயில்வே காலனி, டெலிபோன் காலனி, ஆபீசர்ஸ் காலனி. அப்பாவுக்கு வேலை இருந்த துறையின் பெயரே தெருவின் பெயர். நான் சொன்னது புரிவதற்கு அவளுக்கு ஒரு வாய் சோறு விழுங்கும் நேரம் ஆனது. அதன்பின் அவள் பேச்சில் ஒரு கூடுதல் மென்மை வந்துவிட்டது. நோயாளியிடம் பேசுவதுபோல. அந்த மென்மை என்னை வசவைவிட அதிகமாகச் சங்கடப்படுத்தியது.

யோசித்துப் பாருங்கள். திருச்சி பொன்மலையில் ரயில்வே காலனி இருக்கிறது. டெல்லியில் டிஃபென்ஸ் காலனி என்பது பெரும் பணக்காரர்களின் முகவரி. மும்பை தாதரில் பார்சி காலனி இருக்கிறது. இவர்களில் யாரும் முகவரி எழுதும்போது கை நிறுத்துவதில்லை. அதே எழுத்து, அதே உச்சரிப்பு. முன்னால் ‘பேங்க்’ என்று வந்தால் காலனி கௌரவம். ‘ஆதிதிராவிடர்’ என்று வந்தால் காலனி வசவு. நகரத்தில் காலனி என்றால் ‘எங்கே?’ என்று கேட்கிறார்கள். கிராமத்தில் காலனி என்றால் ‘ஓ!’ என்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சொல்லுக்குள் என்னதான் இருக்கிறது?

உழவனிலிருந்து ஆதிக்கம் வரை

லத்தீன் மொழியில் ‘கொலோனஸ்’ என்றால் உழவன். அதிலிருந்து வந்தது ‘கொலோனியா’: வென்ற நிலத்தில் ரோமானியர்கள் தங்கள் ஆட்களைக் குடியேற்றி அமைத்த ஊர். ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. பிறகு ஐரோப்பியர்கள் கடல் கடந்து பிடித்த நாடுகளுக்கெல்லாம் அதுவே பெயரானது. ஆஸ்திரேலியாவில் 1788-இல் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய இடமும் காலனி. தொழுநோயாளிகளை ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த இடமும் காலனி. எறும்புக் கூட்டம் காலனி, தட்டில் வளரும் பாக்டீரியா காலனி, சேர்ந்து வாழும் ஓவியர்களின் குடியிருப்பும் காலனி.

கடல் தாண்டினால் இலங்கையில் ‘கொலனி’ என்பார்கள். அங்கே கல்லோயா போன்ற அரசுக் குடியேற்றத் திட்டங்களின் ஊர்களுக்கு எண் போட்டு இத்தனையாம் கொலனி என்றே பெயர். அரசு யாரை எந்த மண்ணில் கொண்டுவந்து வைக்கிறது என்ற கசப்பான அரசியல் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு அர்த்தங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. காலனி என்பது தானாக அமைந்த ஊராக இருப்பதில்லை. யாரோ முடிவு செய்து, யாரையோ ஓரிடத்தில் வைத்த குடியிருப்பு. வங்கி வைத்தால் பேங்க் காலனி. ரயில்வே வைத்தால் ரயில்வே காலனி. எங்களை அங்கே வைத்தது யார்?

கல்லூரியில் முதுகலை படித்தபோது ‘பின்காலனியம்’ பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்தது. காலனி ஆதிக்கம், காலனிய மனோபாவம், காலனிய நீக்கம் என்று காலையிலிருந்து மாலை வரை பேசினார்கள். ஆங்கிலேயன் போனபிறகும் காலனியம் நம் தலைக்குள் இருக்கிறது என்றார் ஒரு பேராசிரியர். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, அவளும் என்னைப் போல ஒரு காலனியிலிருந்து வந்தவள், காதோரம் கேட்டாள்: “நம்ம காலனிக்கு எப்படி, முன்னா பின்னா?”

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு அந்த மேடையில் ஒருவர்கூட எங்கள் காலனியைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் பொருத்தம் அவர்களுக்கே தெரிந்திருக்கும். உழைப்பு எங்களிடமிருந்து போகும். நிலம் வேறு யாரிடமோ இருக்கும். உழவன் என்ற சொல்லில் பிறந்த பெயர், உழுகிறவர்களுக்கு நிலமில்லாத தெருவின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்று சுழி

இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. எந்த அகராதியும் அதைக் காலனியின் கீழ் போடாது.

எங்கள் தெருமுனையில் இருந்த பழைய பலகையில் ‘காலணி’ என்று மூன்று சுழி ண போட்டு எழுதியிருந்தார்கள். இந்தப் பிழையை நீங்கள் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். ஏழாம் வகுப்பில் இரு சுழி, மூன்று சுழி வேறுபாடு நடத்திய ஆசிரியர், “காலணின்னா செருப்பு. சில பேரு செருப்புலேயே குடியிருக்காங்க” என்றார். வகுப்பே சிரித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர். நாங்களும் சிரித்தோம். சிரிக்காவிட்டால் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் இளைஞனாக இருந்தபோது ஊர்த் தெரு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்த பிறகுதான் போட வேண்டும். அவர் அன்று என்னிடம் சொன்னது இதுதான்: “பேரு எழுதினவனுக்குச் சுழிதான் தப்பு. சொன்ன வாத்தியாருக்கு எல்லாம் தெரியும்.”

முன்னொட்டு உதிரும், அழுக்கு தங்கும்

சேரி என்பது ஒருகாலத்தில் வசவு இல்லை. சங்க இலக்கியத்தில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனர் வாழ்ந்த இடத்துக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. முதலாம் இராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறார்கள். கவனியுங்கள்: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேரி என்று மட்டும் சொன்னால் போதவில்லை. யாருடைய சேரி என்று முன்னால் ஒரு சொல் தேவைப்பட்டது. காலப்போக்கில் முன்னால் இருந்த சொல் உதிர்ந்தது. தீண்டாமை மட்டும் உதிராமல் ‘சேரி’ என்ற சொல்லுக்குள்ளேயே இறங்கிவிட்டது. வேளச்சேரியிலும் புதுச்சேரியிலும் இருக்கும் சேரி யாரையும் உறுத்துவதில்லை. தனியாக நிற்கும் சேரி மட்டும்தான் உறுத்துகிறது.

அதே கதைதான் காலனிக்கும். முதலில் அரிசன காலனி, ஆதிதிராவிடர் காலனி. பிறகு சுருக்கமாக ஏ.டி. காலனி. கடைசியில் வெறும் காலனி. முன்னொட்டு உதிர்ந்தது, அழுக்கு தங்கியது. சேரிக்குப் பல நூற்றாண்டுகள் ஆனது, காலனிக்கு எங்கள் ஆயாவின் ஆயுளே போதுமானதாக இருந்தது.

மக்களின் பெயருக்கும் இதுதான் நடந்தது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று குறிக்க வேண்டும் என்று எம்.சி. ராஜா போராடினார், 1922-இல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றது. அது நாமே கேட்டுப் பெற்ற பெயர். பத்தாண்டு கழித்து காந்தி அரிசன் என்ற பெயரைக் கொண்டுவந்தார். அது நாம் கேட்காத பெயர். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 1982-இல், சாதிச் சான்றிதழ்களில் அந்தச் சொல்லை எழுதக்கூடாது என்று இந்திய அரசே மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டிவந்தது. ஆனாலும் நமக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரில், 1978-இல் இயற்றியபோது வைத்த ‘அரிசன நலத் திட்டங்கள்’ என்ற சொல் இருக்கிறது.

இப்போது காலனிக்குப் பதிலாக நகர். எங்கள் பக்கத்து ஊரில் காலனியை அம்பேத்கர் நகர் என்று மாற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பேருந்தில் ஒருவர் அங்கே சீட்டு கேட்டால், முன் இருக்கையில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற பார்வை மாறவில்லை. சென்னையில் கண்ணகி நகர் என்றுதான் பெயர் வைத்தார்கள். காப்பியத் தலைவியின் பெயர். நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கப்பட்டு அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர்களின் பிள்ளைகள், அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்த காலம் உண்டு. 2025-இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் அந்தப் பகுதிப் பெண் இருந்தார். அவர் தன் பகுதியின் பெயரைத் தலை நிமிர்ந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒரு முகவரியை வெளியே சொல்ல ஒரு பிள்ளை தங்கப் பதக்கம் வாங்கித்தான் ஆகவேண்டுமா?

சுவருக்கு எந்தப் பக்கம்

தீண்டாமையை அம்பேத்கர் பழக்கவழக்கச் சிக்கலாக மட்டும் பார்க்கவில்லை. அது நிலத்தின் மேலேயே போட்ட பிரிவினை என்றார். யார் எங்கே வாழ்வது என்பதில் தொடங்குகிறது சாதி. இதை ஒப்புக்கொண்டால் ஓர் அசௌகரியமான உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த அரசு, அதே பிரிவினைக் கோட்டின் அந்தப் பக்கத்தில்தான் கட்டிக் கொடுத்தது. ஊருக்கு வெளியே, ஏரிக்கரையோரம், சுடுகாட்டுப் பக்கம். நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் கூரையாக இருந்த பிரிவினை கான்கிரீட் ஆனது.

அரசால் வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அதிலும் குறைகள் உண்டு, விமர்சனங்கள் உண்டு. ஆனால் அந்தத் திட்டம் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது: பெயரை மட்டும் மாற்றவில்லை, யார் பக்கத்தில் யார் வீடு என்பதை மாற்றியது.

மற்றபடி நம் வரலாற்றில் காலனி என்ற சொல் எங்கெல்லாம் செய்தியானது என்று நினைத்துப் பாருங்கள். 2012 நவம்பர் 7, தர்மபுரி. ஒரு காதல் திருமணத்துக்குப் பழிவாங்க எரிக்கப்பட்டது நத்தம் காலனி. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம். ஓங்கிக் கட்டிய சுவர் மழையில் சரிந்து 17 பேர் செத்த இடம் நடூர் ஏ.டி. காலனி. அந்தச் சுவரைத் தீண்டாமைச் சுவர் என்று நம் மக்கள் சொன்னார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் காலனி என்று பெயர் இருந்ததாலா சுவர் விழுந்தது? நகர் என்று இருந்திருந்தால் தாங்கியிருக்குமா?

அப்படியானால் பெயரை மாற்ற வேண்டாமா?

மாற்ற வேண்டும். இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

‘வெறும் பெயர் மாற்றத்தால் என்ன பயன்?’ என்று கேட்பவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் பேங்க் காலனிக்காரர்கள். பெயர் அவர்களை ஒருபோதும் குத்தியதில்லை, அதனால் அது அவர்களுக்கு ‘வெறும்’ பெயர். என் தம்பிக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் முகவரிக் கட்டத்தில் அவன் சாதியை எழுதிக்கொண்டிருந்தான். சாதி என்ன என்று எவரும் கேட்காத படிவத்தில்கூட.

தோழர்கள் சிலர் வேறொரு வாதம் வைக்கிறார்கள். ‘பறையை மீட்டெடுத்தோம். சேரி என்ற சொல்லையும் மேடையில் நிமிர்த்தினோம். காலனியையும் மீட்போம், ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?’ இதில் உள்ள மானத்தை நான் மதிக்கிறேன். நானே இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை ஒளிக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லை மீட்டெடுப்பது மேடை ஏறத் துணிந்தவர்கள் தாங்களே விரும்பிச் செய்கிற வேலை. ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தலையில் அந்த வேலையை வைக்கக்கூடாது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தகுந்த ஒரு முகவரி வேண்டும். அவ்வளவுதான்.

நாம் மட்டும் கேட்பதும் இல்லை இது. 2020-இல் மகாராஷ்டிர அரசு சாதிப் பெயர் கொண்ட குடியிருப்புகளின் பெயரை மாற்ற முடிவெடுத்தது. கேரளத்தில் 2024 ஜூனில், அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் நாடாளுமன்றத்துக்குப் போவதற்காகப் பதவி விலகும்முன் கடைசியாகப் போட்ட உத்தரவு, பட்டியலின மக்களின் குடியிருப்புகளைக் காலனி என்று அழைக்கக்கூடாது என்பதுதான்.

எனவே மாற்றட்டும். ஆனால் சில நிபந்தனைகளை நாம் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெயரை அந்தத் தெருவில் வாழ்கிறவர்கள் முடிவு செய்யட்டும். அரிசன் என்ற பெயர் கற்றுக்கொடுத்த பாடம் அது. வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பூவின் பெயரையோ நதியின் பெயரையோ பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டினால், அது மறுபடியும் எங்களுக்கு வேறொருவர் வைத்த பெயர்தான்.

இரண்டாவது, பெயர் மாறியதும் ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அரசே மாற்றித்தர வேண்டும். கூலிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழந்து அலுவலகம் அலுவலகமாக அலையக்கூடாது.

மூன்றாவது, பெயர் போகும்போது கணக்கும் சேர்ந்து போய்விடக் கூடாது. எந்தக் குடியிருப்புக்குச் சாலை இல்லை, எங்கே சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, எங்கே குடிநீர்த் தொட்டி தனி என்பதை இன்றைக்கு ஆவணத்தில் காலனி என்ற சொல்லை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. பலகையில் அழியட்டும். பாகுபாட்டைக் கணக்கெடுக்கும் பதிவேட்டில் உண்மை இருக்கட்டும்.

நான்காவதும் முக்கியமானதும்: இனி கட்டும் ஒரு தொகுப்பு வீடுகூட ஊருக்கு வெளியே வேண்டாம். கொடுக்கும் ஒரு மனைப்பட்டாகூடத் தனியாக வேண்டாம்.

‘ஊர்’ யாருடையது?

இத்தனை யோசித்தபிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். காலனி என்ற சொல் தனியாக வசவாகவில்லை. அதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. அந்த ஜோடிச் சொல்லை யாரும் கவனிப்பதில்லை. அது ‘ஊர்’.

எங்கள் பக்கம் “நீ ஊரா, காலனியா?” என்றுதான் கேட்பார்கள். ஊர்க்கூட்டம், ஊர்த் திருவிழா, ஊர்ப் பொதுக்கிணறு, ஊர் வழக்கம். இந்த எல்லா ஊரிலும் நாங்கள் இல்லை. ஊராட்சிக்கு வரி கட்டுகிறோம், ஊராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுகிறோம், ஊர் வயலில் நாற்று நடுகிறோம். ஆனால் ஊர் என்றால் அவர்கள். ஊருக்கு எதிர்ப்பதமாக நிற்கும் இடத்தில் எந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தாலும் அது கறைபடும். சேரி கறைபட்டது, காலனி கறைபட்டது, நகரும் கறைபட்டுக்கொண்டிருக்கிறது. ரோமாபுரியிலிருந்து வந்த சொல்லுக்கே தப்பிக்க வழியில்லை என்றால், நாளை வரப்போகும் சொல் மட்டும் எப்படித் தப்பிக்கும்? சொற்களைக் குற்றவாளிக் கூண்டில் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். கூண்டைக் கட்டியவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே அரசு காலனியை நீக்கும் வேலையைச் செய்யட்டும். நம் வேலை ‘ஊர்’ என்ற சொல்லைக் கைப்பற்றுவது. ஊர்க்கூட்டம் என்றால் எல்லாத் தெருவும் உட்காரும் கூட்டம். ஊர்த்தேர் என்றால் எல்லாத் தெருவுக்கும் வரும் தேர். ஊர்ச்சுடுகாடு என்றால் ஒரே சுடுகாடு. இந்தத் தளத்தைப் படிக்கும் தோழர்களில் ஊர்த் தெருவில் பிறந்தவர்களும் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்தமுறை விடுமுறைக்குப் போகும்போது உங்கள் வீட்டில் ‘ஊர்’ என்ற சொல்லை யாரைச் சேர்த்து, யாரை விட்டுச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். விட்டுச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். எங்கள் தெருவுக்கு வந்து புதிய பெயர்ப் பலகைக்கு மாலை போடுவதைவிட அது கடினமான வேலை. உங்களால்தான் அதைச் செய்ய முடியும்.

எங்கள் தெருவுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இளைஞர்கள் அம்பேத்கர் பெயரைச் சொல்கிறார்கள். பெண்கள் குழுவில் சிலர் சாவித்திரிபாய் பெயரைச் சொல்கிறார்கள். போன மாதம் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன். ஆயா கட்டிக் காப்பாற்றிய திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன பேரு வேணா வைக்கட்டும். நம்ம ஊரு பேரு இருக்குதுல்ல, அத முதல்ல நம்ம தெருப் பலகையிலயும் எழுதச் சொல்லு. இதும் அந்த ஊருதான?” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். முப்பது ஆண்டுகளாக அந்தப் பலகையைப் பார்க்கிறேன். அதில் ஊரின் பெயரே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.